ஆடம்ஸ் போன வழி: பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரை

வியாழன், பாஸ்டன்

அமெரிக்காவின் முதல் அதிபர் யார் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், மூன்றாவதாக வந்த ஜெஃபர்சனையும் நிறைய பேருக்குத் தெரியும், நடுவில் 1797 முதல் 1801 வரை நாலே வருஷம் இருந்துவிட்டுப் போன ஜான் ஆடம்ஸைத்தான் யாரும் விசாரிப்பதில்லை. எனக்கு அவர் மேல் ரொம்ப நாளாக ஒரு பிடிப்பு. காரணம் அவருடைய கடிதங்களும் நாட்குறிப்பும். வாஷிங்டன் எழுதியதைப் படித்தால் கல்வெட்டு படிக்கிற மாதிரி இருக்கும்; ஆடம்ஸ் எழுதியதில் கோபம், பொறாமை, புலம்பல், தற்பெருமை, மனைவி மேல் இருந்த ஏக்கம் எல்லாம் மூடி மறைக்காமல் கிடக்கும். அதனால் இந்தத் தடவை வேறு எதையும் பார்க்கப் போவதில்லை, அந்த மனுஷர் வாழ்ந்த, வாதாடிய, ஆண்ட, தோற்ற இடங்களை மட்டும் வரிசையாகப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். அக்கா மகன் பாஸ்டனில்தான் படிக்கிறான், இங்கே இருக்கும்வரை அவன் துணை.

முதலில் பழைய ஸ்டேட் ஹவுஸ். 1713-ல் கட்டிய செங்கல் கட்டடம், சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள், அடியில் மெட்ரோ ரயில் நிலையம். மாடியில் ஆளுநரின் ஆலோசனைக் கூடம் இருக்கிறது. 1761-ல் ஜேம்ஸ் ஓடிஸ் என்ற வக்கீல், சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து சோதனை போடலாம் என்ற ஆணையை எதிர்த்து இங்கேதான் மணிக்கணக்கில் வாதாடினார். மூலையில் உட்கார்ந்து கேட்டவர்களில் 25 வயது ஆடம்ஸும் ஒருவர். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, கிழவரான பிறகு, விடுதலை என்ற குழந்தை அன்றைக்கு அங்கேதான் பிறந்தது என்று எழுதினார். கொஞ்சம் மிகைதான். ஆடம்ஸுக்கு மிகை பிடிக்கும்.

வெளியே பால்கனிக்கு எதிரே நடைபாதையில் கற்களைப் பதித்து ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். 1770 மார்ச் 5 இரவு பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மேல் சுட்டதில் ஐந்து பேர் செத்ததன் அடையாளம் அது. "மாமா, இவ்வளவுதானா?" என்றான் மருமகன். இவ்வளவுதான். ஜனங்கள் அதன் மேல் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்த வட்டத்திலிருந்துதான் ஆடம்ஸின் கதையை நான் ஆரம்பிப்பேன். மறுநாள் காலையில் ஒரு வியாபாரி அவருடைய அலுவலகத்துக்கு அழுதுகொண்டே வந்து, அந்தச் சிப்பாய்களின் தலைவர் கேப்டன் பிரெஸ்டனுக்காக வாதாட யாருமே முன்வரவில்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்கிறார். ஆடம்ஸுக்கு 34 வயது, ஏற்கெனவே பிரிட்டிஷ் வரிகளை எதிர்க்கிற கோஷ்டியில் இருப்பவர், அவருடைய சொந்தக்காரர் சாமுவேல் ஆடம்ஸ்தான் ஊரையே சிப்பாய்களுக்கு எதிராகத் திரட்டிக்கொண்டிருக்கிறார், வீட்டில் மனைவி கர்ப்பமாக இருக்கிறார். ஒப்புக்கொண்டார். கேப்டன் வழக்கு அக்டோபரில் நடந்தது, அவர் விடுதலை. எட்டு சிப்பாய்களின் வழக்கு நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 5-ல் முடிந்தது: ஆறு பேர் விடுதலை, இரண்டு பேருக்குக் கொலை என்ற குற்றம் குறைக்கப்பட்டு, கட்டைவிரலில் சூடு வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைய சட்டத்தில் தூக்கிலிருந்து தப்பிக்க ஒரு பழைய சலுகை இருந்தது, அதை ஒருவர் ஒரு தடவைதான் கேட்கலாம், கேட்டாகிவிட்டது என்பதற்கு அடையாளம்தான் அந்தச் சூடு. இன்னொரு வேடிக்கை, ஆடம்ஸோடு சேர்ந்து சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜோசையா குவின்சி, எதிர்த்தரப்பில் அரசு வக்கீலாக நின்றவர்களில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன் சாமுவேல் குவின்சி. தம்பி விடுதலைப் போராட்டக் கட்சி, அண்ணன் ராஜ விசுவாசி, வழக்கிலோ ஆள் மாறி நிற்கிறார்கள்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்றையும் சொல்லவேண்டும். செத்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுகிற கிரிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியில் வந்தவர். ஆடம்ஸ் தன் முடிவுரையில் அந்தக் கூட்டத்தையே திமிர்பிடித்த பையன்களும் கறுப்பர்களும் ஐரிஷ்காரர்களும் ஊர்பேர் தெரியாத மாலுமிகளும் சேர்ந்த கும்பல் என்று வர்ணித்தார். ஜூரிகளின் வெறுப்பைத் தூண்டிவிட்டு வேலையை முடித்த வக்கீல் வித்தை அது. தர்மத்துக்காக வாதாடினார் என்பதும் நிஜம், இதுவும் நிஜம். தன் வாழ்க்கையிலேயே தான் நாட்டுக்குச் செய்த மிகச் சிறந்த சேவைகளில் ஒன்று இந்த வழக்கு என்று பின்னாளில் எழுதிக்கொண்டார், தொழிலே போய்விட்டது என்றும் புலம்பினார். ஆனால் வழக்கு நிலுவையில் இருந்த அதே 1770 ஜூனில் பாஸ்டன் ஜனங்கள் அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் அவரை அப்படி ஒன்றும் ஒதுக்கிவிடவில்லை.

கிரானரி இடுகாட்டில் அந்த ஐந்து பேரையும் ஒன்றாகப் புதைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே சாமுவேல் ஆடம்ஸ். அவர் பேரில் பீர் இருக்கிறது, எல்லா மதுக்கடையிலும் கிடைக்கிறது. ஜானுக்கு அதுவும் இல்லை.

துறைமுகப் பக்கம் தேநீர்க் கப்பல் மாதிரி ஒன்றைக் கட்டி வைத்து, நாமே பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் போடலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நான் போகவில்லை, மருமகன் ஏற்கெனவே போட்டிருக்கிறானாம். பிரிட்டிஷ் வரியை எதிர்த்தவர்கள் 1773 டிசம்பர் 16 இரவு கடலில் வீசிய 342 தேயிலைப் பெட்டிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு, அதாவது அதே காலத்தில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சாவூருக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்த அதே கம்பெனி. மறுநாள் ஆடம்ஸ் நாட்குறிப்பில் இதைவிட மகத்தான காரியம் நடந்ததில்லை என்று புல்லரித்துப்போய் எழுதியிருக்கிறார். கலவரக் கும்பல் என்றால் பிடிக்காத ஆள், இந்தக் கும்பலை மட்டும் மெச்சிக்கொண்டார்.

வெள்ளி, குவின்சி

சிவப்பு லைன் மெட்ரோவில் தெற்கே அரை மணி நேரம். அந்தக் காலத்தில் பிரெயின்ட்ரி என்ற ஊரின் வடக்குப் பகுதி, 1792-ல் பிரிந்து குவின்சி ஆனது. ஆடம்ஸ் பிறந்தது 1735 அக்டோபர் 30. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நகராட்சிக்கு முன்னால் புல்வெளி, அங்கே ஆடம்ஸுக்கும் விடுதலைப் போராட்டத் தலைவர் ஜான் ஹேன்காக்குக்கும் சிலைகள். ஹேன்காக்கும் இந்த ஊர்க்காரர், அவருடைய அப்பா இங்கே போதகராக இருந்தார். இன்னொரு பெருமையும் ஊருக்கு உண்டு, டங்கின் டோனட்ஸ் என்ற பெயரில் முதல் கடை 1950-ல் இங்கேதான் வந்தது. காலை காபி அந்தக் கம்பெனியின் ஒரு கிளையில்தான், வேறு வழியில்லை, தெருவுக்குத் தெரு அதுதான்.

பிறந்த வீடுகள் இரண்டு, ஃபிராங்க்ளின் தெருவில். மரப்பலகைச் சுவர், நடுவில் ஒரே பெரிய புகைபோக்கி, முன்பக்கம் இரண்டு மாடி, பின்பக்கம் கூரை சரிந்து கிட்டத்தட்டத் தரையைத் தொடும். ஒன்றில் ஜான் பிறந்தார், சில எட்டுத் தள்ளியிருக்கிற இன்னொன்றில் அவர் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1767 ஜூலை 11-ல் பிறந்தார். இரண்டாவது அதிபரும் ஆறாவது அதிபரும் ஒரே முற்றத்தில். வீடு உள்ளே இருட்டு, கூரை தாழ்வு, மருமகன் இரண்டு இடத்தில் குனியவேண்டியிருந்தது. நாற்காலி மேஜையெல்லாம் இருந்தாலும் கண்ணை இழுப்பது சமையலறை அடுப்புதான், உள்ளே ஆள் நிற்கலாம்.

அப்பா விவசாயி, குளிர்காலத்தில் செருப்புத் தைப்பார், சபையில் உதவிப் போதகர், ஊர் நிர்வாகத்திலும் இருந்தவர். மகன் படித்துப் போதகராக வேண்டும் என்பது அவர் ஆசை, பையனுக்கோ விவசாயம்தான் ஆசை. சரி வா என்று ஒரு நாள் முழுக்கச் சதுப்பு நிலத்தில் கோரை அறுக்கக் கூட்டிக்கொண்டு போனார், சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பியதும் எப்படி இருக்கிறது விவசாயம் என்று கேட்டாராம். ரொம்பப் பிடித்திருக்கிறது ஐயா என்றான் பையன். அப்பாவின் திட்டம் அங்கேயே சாய்ந்தது. பிறகுதான் தெரிந்தது, பிரச்சினை படிப்பில் இல்லை, வாத்தியாரிடம்தான். வாத்தியாரை மாற்றினார்கள், 1751-ல் ஹார்வர்டில் சேர்ந்தாயிற்று, 1755-ல் பட்டம். அந்த நாளில் ஹார்வர்டில் மாணவர்களை மார்க் வரிசையில் வைக்கமாட்டார்கள், குடும்ப அந்தஸ்து வரிசையில்தான் வைப்பார்கள். செருப்புத் தைப்பவர் மகனுக்கு நடுவில் ஏதோ ஓர் இடம் கிடைத்தது, அதுவும் அம்மா பாய்ல்ஸ்டன் குடும்பம் என்பதாலும் அப்பா சபைப் பெரியவர் என்பதாலும். இந்த மாதிரி விஷயங்களை ஆடம்ஸ் லேசில் மறக்கிறவர் இல்லை.

இரண்டாவது வீட்டில்தான் 1764-ல் கல்யாணம் ஆன பிறகு அவரும் அபிகெய்லும் குடியிருந்தார்கள். முன்னறையை வக்கீல் அலுவலகமாக்கி, கட்சிக்காரர்கள் நேராகத் தெருவிலிருந்து வருவதற்குத் தனி வாசல் வைத்திருக்கிறார். இந்த அறையைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1779-ல் பாரிஸிலிருந்து திரும்பிய சில வாரங்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அரசமைப்புச் சட்டம் எழுத மூன்று பேரைப் போட்டார்கள், சாமுவேல் ஆடம்ஸும் ஜேம்ஸ் பௌடினும் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார்கள், இவர் இங்கே உட்கார்ந்து எழுதினார். 1780-ல் அமலுக்கு வந்தது, திருத்தங்களோடு இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, உலகில் இன்னும் நடைமுறையில் உள்ள எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டங்களில் இதுதான் பழையது. அமெரிக்க நாட்டின் சட்டமே ஏழு வருஷம் கழித்துத்தான் எழுதப்பட்டது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற அதன் முதல் பிரிவை வைத்துத்தான் 1780-களில் எலிசபெத் ஃப்ரீமன், குவோக் வாக்கர் ஆகிய அடிமைகள் வழக்குப் போட்டு விடுதலை ஆனார்கள், அதோடு அந்த மாநிலத்தில் அடிமை முறையின் காலும் முறிந்தது. ஆடம்ஸ் வாழ்நாளில் ஒரு அடிமையும் வைத்துக்கொண்டதில்லை. முதல் ஐந்து அதிபர்களில் மற்ற நாலு பேரைப் பற்றி இதைச் சொல்ல முடியாது.

அபிகெய்லைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். புருஷன் பிலடெல்பியா, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று வருஷக்கணக்கில் போய்விட, நாலு பிள்ளைகளையும் பண்ணையையும் இந்த வீட்டிலிருந்து அந்த அம்மாதான் பார்த்துக்கொண்டார். 1779 நவம்பரில் கப்பல் ஏறியவரை மறுபடி 1784 ஆகஸ்டில் லண்டனில்தான் பார்த்தார். அவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பும் கைக்குட்டை, குண்டூசி, துணி வகையறாக்களை விற்றுக் குடும்பம் நடத்தினார். இருக்கிற பணத்துக்கெல்லாம் நிலம் வாங்கு என்று ஆடம்ஸ் எழுதுவார், அந்த அம்மா அரசாங்கக் கடன் பத்திரம் வாங்குவார். கடைசியில் லாபம் கொடுத்தது பத்திரம்தான். 1776 மார்ச் 31-ல், நீங்கள் எழுதப்போகும் புதுச் சட்டங்களில் பெண்களை மறந்துவிடாதீர்கள், புருஷன்மார் கையில் எல்லை இல்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று அவர் எழுதியது பிரசித்தம். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது என்று ஆடம்ஸ் பதில் எழுதினார். அது அவ்வளவு பிரசித்தம் இல்லை.

மத்தியானம் பென் குன்றுக்கு நடந்தோம். 1775 ஜூன் 17-ல் விடுதலைப் போரின் தொடக்கத்தில் நடந்த பங்கர் ஹில் சண்டையை அபிகெய்ல் ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கிருந்து பார்த்திருக்கிறார், சார்ல்ஸ்டவுன் எரிவது தெரிந்திருக்கிறது. அதே இடத்தில் கற்களைக் குவித்து ஒரு சின்னம் கட்டியிருக்கிறார்கள். இப்போது மரமும் வீடுகளும் மறைத்துக்கொள்கின்றன.

சனி, மறுபடி குவின்சி

பீஸ்ஃபீல்ட். 1731-ல் ஜமைக்காவில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் வைத்திருந்த லெனர்ட் வாசல் என்ற பணக்காரர் கட்டிய வீடு. லண்டனில் தூதராக இருக்கும்போதே 1787-ல் ஆடம்ஸ் தம்பதி இதை வாங்கிவிட்டார்கள். அபிகெய்லுக்கு நினைவில் இருந்தது பெரிய மாளிகை, 1788-ல் வந்து பார்த்தால் குருவிக்கூடு. லண்டன், பாரிஸ் கூடங்களில் பழகிய கண் இல்லையா. அப்புறம் 1800-ல் புருஷனிடம் முழு விவரம் சொல்லாமலே கிழக்குப் பக்கம் ஒரு பகுதியை இழுத்துக் கட்டினார், கீழே நீளமான கூடம், மேலே படிப்பறை. நாலு தலைமுறை 1927 வரை இங்கே இருந்து, 1946-ல் வீட்டைத் தேசத்துக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதால் அருங்காட்சியகம் மாதிரியே இல்லை.

தோட்டத்தில் கல் நூலகம், தனிக் கட்டடம். தன் புத்தகங்களைத் தீயில் போகாதபடி கல் கட்டடத்தில் வைக்கவேண்டும் என்று ஜான் குவின்சி உயில் எழுதினார், அவர் மகன் 1873-ல் கட்டி முடித்தார். தரையிலிருந்து கூரை வரை 12,000-க்கும் மேலே புத்தகம். அமிஸ்டாட் என்ற கப்பலில் அடிமைகளாக ஏற்றப்பட்டுக் கலகம் செய்த ஆப்பிரிக்கர்களுக்காக ஜான் குவின்சி 1841-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்ததற்கு அவர்கள் கொடுத்த பைபிளும் இங்கே இருந்ததுதான். நடுவில் 1996-ல் திருடுபோய், பிறகு கிடைத்துவிட்டது. மகனுடைய வாழ்க்கை இன்னொரு கட்டுரைக்கு ஆகும்: அதிபராக இருந்த நாலு வருஷம் சப்பென்று போனது, அதற்கப்புறம் சாதாரண உறுப்பினராகக் காங்கிரசுக்குத் திரும்பி 17 வருஷம் அடிமை முறையை எதிர்த்துச் சண்டை போட்டு, சபையிலேயே மயங்கி விழுந்து, 1848-ல் அந்தக் கட்டடத்திலேயே இறந்தார். அப்பாவின் சொந்தப் புத்தகங்கள் இங்கே இல்லை, பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கின்றன. ஓரத்தில் எழுதாமல் ஆடம்ஸால் படிக்க முடியாது. மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுதிய நூலின் ஓரங்களில் மட்டும் ஆயிரக்கணக்கான வார்த்தைகளில் அந்த அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறார்.

இந்த வீட்டில்தான் கடைசி 25 வருஷம். தோற்றுத் திரும்பியவர், சில வருஷம் எல்லோரையும் கரித்துக்கொட்டினார். ஜெஃபர்சனோடு பேச்சு இல்லை. இருவருக்கும் நண்பரான பெஞ்சமின் ரஷ் என்ற பிலடெல்பியா டாக்டர் இரண்டு பக்கமும் எழுதி எழுதி, 1812 புத்தாண்டன்று ஆடம்ஸ் முதல் கடிதம் போட்டார். சாகும் வரை இருவரும் எழுதிக்கொண்டது 158 கடிதம், அதில் ஜெஃபர்சன் ஒன்று எழுதினால் ஆடம்ஸ் இரண்டு எழுதுவார். 1818-ல் அபிகெய்ல் டைபாய்டில் போனார். 1825-ல் மகன் அதிபரானதைப் பார்த்தார். 1826 ஜூன் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் வந்து, சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் உங்கள் பேரில் வாசிக்க ஒரு வாழ்த்து வேண்டும் என்றபோது "சுதந்திரம் என்றென்றும்!" என்றார். இன்னும் ஏதாவது சேர்க்கவேண்டுமா என்றால், ஒரு வார்த்தையும் வேண்டாம். வாழ்நாள் முழுக்கச் சுருக்கமாகப் பேசத் தெரியாதவர். ஜூலை 4 அன்று 90 வயதில் இறந்தார், அதற்குச் சில மணி நேரம் முன்னால் வர்ஜினியாவில் ஜெஃபர்சனும் இறந்திருந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ கதை கட்டியது என்றே தோன்றும், ஆனால் நடந்தது அப்படித்தான்.

ஊர் நடுவில் உள்ள தேவாலயத்தின் நிலவறையில் நாலு கருங்கல் பெட்டிகள்: ஜான், அபிகெய்ல், ஜான் குவின்சி, அவர் மனைவி லூயிசா. கோயில் 1828-ல் முடிந்தது, கல்லெல்லாம் குவின்சிக் குவாரிக் கல், ஆடம்ஸ் ஊருக்கு எழுதிவைத்த நிலத்திலிருந்து வந்தது. நிலவறை சின்னது, சிலுசிலுவென்று இருந்தது, அங்கே அதிக நேரம் செலவழிக்க ஒன்றும் இல்லை.

திங்கள், ரயிலில்

பாஸ்டனிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஆம்ட்ராக்கில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். 1774-ல் பிரிட்டிஷ் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் கண்ட மாநாட்டுக்குப் போன ஆடம்ஸ் கோஷ்டி ஆகஸ்ட் 10-ல் புறப்பட்டு 29-ல்தான் போய்ச் சேர்ந்தது, வழியில் ஊருக்கு ஊர் விருந்து.

வண்டி நியூவார்க்கில் நின்றபோது லூதர் பால்ட்வின் ஞாபகம் வந்தார். 1798 ஜூலையில் அதிபர் ஆடம்ஸ் இந்த ஊர் வழியே போகிறார், பீரங்கி மரியாதை நடக்கிறது, அந்தக் குண்டு அதிபரின் பின்பக்கத்தில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை என்று குடிபோதையில் இவர் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டுபோய் அபராதம் போட்டுவிட்டார்கள். ஆடம்ஸ் வாழ்க்கையில் எனக்குச் சகிக்காத இடம் இதுதான். பிரான்ஸ் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கிறது, பாரிஸ் போன தூதர்களிடம் பிரெஞ்சு அதிகாரிகள் லஞ்சம் கேட்டார்கள், நாடு கொதிக்கிறது, அந்தச் சூட்டில் அவர் சார்ந்த ஃபெடரலிஸ்ட் கட்சி தேசத்துரோகச் சட்டம் கொண்டுவந்தது. அரசையோ காங்கிரசையோ அதிபரையோ பொய்யாகத் தூற்றினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபரைத் தூற்றினால் குற்றமில்லை, ஏனென்றால் துணை அதிபர் எதிர்க்கட்சி ஜெஃபர்சன். வெர்மான்ட் எம்.பி. மேத்யூ லயன் இதில் நாலு மாதம் உள்ளே போனார், ஜெயிலில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார். சட்டத்தை எழுதியவர் ஆடம்ஸ் இல்லை, கேட்டதும் அவர் இல்லை, ஆனால் கையெழுத்து அவருடையது. அபிகெய்ல் அவரைவிடத் தீவிரமாக ஆதரித்தார்.

செவ்வாய், பிலடெல்பியா

சுதந்திர மண்டபத்தின் சபைக்கூடம் நினைத்ததைவிடச் சின்னது, பச்சைத் துணி விரித்த மேஜைகள், இறகுப் பேனா. ஒரு கூட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து விளக்கம் சொல்லி, நகரச் சொல்லிவிடுகிறார்கள். ஆடம்ஸின் உச்சகட்டம் இந்த அறைதான். 1775 ஜூனில் படைத்தலைவராக வாஷிங்டனைப் போடலாம் என்று எழுந்து சொன்னவர் இவர், பக்கத்தில் அந்தப் பதவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஹேன்காக்கின் முகம் மாறியதை ரசித்து எழுதியும் வைத்தார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதும் ஐவர் குழுவில் இவரும் உண்டு, எழுதியது ஜெஃபர்சன், சபையில் நின்று அதற்காகச் சண்டை போட்டது ஆடம்ஸ். 1776 ஜூலை 1 அன்று வெளியே இடி மழை, இவர் நீளமாகப் பேசி முடித்தபிறகு நியூ ஜெர்சிக்காரர்கள் நனைந்துகொண்டே வந்து, எங்களுக்காக இன்னொரு தடவை பேசுங்கள் என்றார்களாம். அந்தப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. சுதந்திரத்துக்கான ஓட்டெடுப்பு ஜூலை 2-ல் முடிந்தது. இனி ஒவ்வொரு வருஷமும் ஜூலை 2 அன்று இந்த நாடு ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கொண்டாடும் என்று மறுநாள் மனைவிக்கு எழுதினார். வாணவேடிக்கை சரி, தேதி தப்பிப்போனது.

இங்கிருந்து கீழே டெலவர் ஆற்று முகத்துவாரத்தில் நடந்த ஒரு சின்னச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். 1782 ஏப்ரல் 8-ல் பென்சில்வேனியாவின் ஒரு கப்பல் பிரிட்டிஷாரின் ஜெனரல் மாங்க் கப்பலைப் பிடித்தது. அந்தப் பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் ஹைதர் அலி. 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படையை ஹைதர் அலியின் படை நொறுக்கிய செய்தி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதே ஏப்ரலில் ஆடம்ஸ் ஹாலந்தில் அலையாய் அலைந்து 19-ஆம் தேதி அமெரிக்காவுக்கு டச்சு அங்கீகாரத்தையும், கொஞ்ச நாளில் ஐம்பது லட்சம் கில்டர் கடனையும் வாங்கிவிட்டார்.

பக்கத்துக் கட்டடம் காங்கிரஸ் ஹால். 1797 மார்ச் 4-ல் கீழ்த்தளத்து அறையில் பதவிப் பிரமாணம். தேர்தலில் மாநிலத் தேர்வாளர்கள் போட்ட ஓட்டில் இவருக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68, மூன்றே ஓட்டு வித்தியாசம். அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் தண்ணீர், ஆனால் அது தனக்காக இல்லை, விடைபெறும் வாஷிங்டனுக்காக என்று ஆடம்ஸுக்குத் தெரியும். அதற்கு முன்னால் எட்டு வருஷம் துணை அதிபர். மனிதன் கண்டுபிடித்த பதவிகளிலேயே இவ்வளவு அற்பமான பதவி கிடையாது என்று மனைவிக்கு எழுதியது அப்போதுதான். அதிபரை எப்படி விளிப்பது என்று செனட்டில் வாரக்கணக்கில் பட்டப்பெயர் தேடி விவாதம் நடத்தி, கடைசியில் தன் தொந்தியை வைத்துத் தனக்கே ஒரு கேலிப் பட்டம் வாங்கிக்கொண்டதும் அப்போதுதான்.

அதிபரானதும் வாஷிங்டனின் மந்திரிகளை அப்படியே வைத்துக்கொண்டார். அதுதான் வினை. மூன்று பேர் யோசனை கேட்பதெல்லாம் நியூயார்க்கில் இருந்த, வாஷிங்டனின் பழைய நிதி மந்திரி அலெக்சாண்டர் ஹாமில்டனிடம். ஹாமில்டனுக்குப் பிரான்ஸோடு போர் வேண்டும், பெரிய படை வேண்டும், தான் அதற்குத் தளபதியாகவேண்டும். போர் வந்திருந்தால் ஆடம்ஸுக்கு இரண்டாவது தடவை நிச்சயம், அவர் கட்சி முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது. 1799 பிப்ரவரி 18-ல் மந்திரிகள் யாரிடமும் கேட்காமல், பிரான்ஸோடு சமாதானம் பேச ஆள் அனுப்புகிறேன் என்று செனட்டுக்குச் சீட்டு அனுப்பிவிட்டார். கட்சிக்காரர்கள் வாயடைத்துப்போனார்கள். பிறகு இரண்டு மந்திரிகளை வெளியே அனுப்பினார், ஹாமில்டன் இவரைத் திட்டி 50 பக்கத்துக்கு மேல் அச்சடித்தார். 1800 இலையுதிர் காலத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது, செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் தேர்தல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

என் கணக்கு இதுதான்: சிப்பாய்களுக்காக வாதாடியது, பிரான்ஸோடு சமாதானம், இரண்டும் சொந்த ஆட்களை எதிர்த்து அவர் தனியாக எடுத்த முடிவு, இரண்டும் சரி. கட்சியோடு சேர்ந்து தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட தேசத்துரோகச் சட்டம்தான் கறையாக நிற்கிறது. பிடிவாதக்காரர் என்று அவரைத் திட்டியவர்கள், பிடிவாதம் பிடிக்கவேண்டிய இடத்தில் அவர் விட்டுக்கொடுத்ததைத்தான் திட்டியிருக்கவேண்டும்.

புதன், வாஷிங்டன்

வெள்ளை மாளிகையை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாயிற்று. அதில் முதலில் குடியேறியவர் ஆடம்ஸ், 1800 நவம்பர் 1. பூச்சு காயவில்லை, பெரிய மாடிப்படி கட்டவில்லை, அபிகெய்ல் வரும்போது பால்டிமோர் பக்கம் காட்டில் வழி தப்பிப்போய்த்தான் வந்து சேர்ந்தார். இன்று விருந்தினரை வரவேற்கிற கிழக்கு அறையில் அந்த அம்மா துணி காயப்போட்டார். நேர்மையும் அறிவும் உள்ளவர்கள் மட்டுமே இந்தக் கூரையின் கீழ் ஆளட்டும் என்று ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய வரியை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் உணவுக்கூடத்துக் கணப்பில் செதுக்கிவிட்டார்கள். எழுதியவர் அங்கே இருந்ததே நாலு மாதம்தான். 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் அவர் கட்சிக்காரர் ஆரன் பர்ருக்கும் தலா 73 ஓட்டு, இவருக்கு 65. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்துத் தென் மாநிலங்களுக்குக் கொடுத்த கூடுதல் ஓட்டுகள் இல்லாவிட்டால் முடிவே வேறாகியிருக்கும். அதே மாதங்களில் குடியால் சீரழிந்த இரண்டாவது மகன் சார்ல்ஸ் நியூயார்க்கில் செத்துப்போனான். 1801 மார்ச் 4 விடியற்காலை நாலு மணிக்கு, ஜெஃபர்சன் பதவியேற்பதைப் பார்க்காமல் வண்டி ஏறிவிட்டார். சின்னத்தனம் என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, முந்தின அதிபர் வந்து பக்கத்தில் உட்காரவேண்டும் என்ற வழக்கம் அப்போது உறுதியாகியிருக்கவும் இல்லை, மகனை இழந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வாஷிங்டனுக்கு வானத்தைத் தொடும் தூண், ஜெஃபர்சனுக்குக் குளக்கரையில் மண்டபம். ஆடம்ஸுக்கு இந்த நகரத்தில் நினைவுச்சின்னம் கட்டிக்கொள்ளலாம் என்று 2001-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது, இன்னும் ஒரு கல்லும் நட்டபாடில்லை. 1809-லேயே ரஷ்ஷுக்கு எழுதிய கடிதத்தில், எனக்குக் கல்லறை மாடமோ சிலையோ நினைவுச்சின்னமோ யாரும் வைக்கப்போவதில்லை என்று புலம்பியிருந்தார். அவர் பெயரில் இருக்கிற ஒன்று காங்கிரஸ் நூலகத்தின் இரண்டாவது கட்டடம், வெண்கலக் கதவுகள் போட்டது, பெயர் சூட்டியது 1980-ல்தான். அந்த நூலகத்துக்கு 5,000 டாலர் ஒதுக்கி 1800-ல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதே ஆடம்ஸ். எதிரே உள்ள பெரிய அழகான பிரதானக் கட்டடத்துக்கு யார் பெயர் என்று கேட்கவேண்டாம், ஜெஃபர்சன்தான்.

நாளை சார்லட்ஸ்வில் ரயில். ஜெஃபர்சன் வீட்டையும் பார்க்காமல் ஊர் திரும்பினால் அந்த 158 கடிதத்தில் பாதியை மட்டும் படித்த கணக்காகிவிடும். டிக்கெட் எடுத்தாயிற்று, மாண்டிசெல்லோவில் பிற்பகல் நுழைவு.